சவூதியிலிருந்து வந்ததாகச் சொன்ன மோட்டார் சைக்கிள்

நம்பரைத் தேடப் போவதற்கு முன்னால் கையைக் கழுவுங்கள். சிரிக்காதீர்கள் தம்பிமாரே. கிரீஸ் கையோடு போனால் தாளில் உங்கள் விரல் ரேகைதான் விழும், வண்டிச் சட்டத்தில் அடித்த சேசி நம்பர் விழாது. நான் கராஜை மூடிவிட்டு வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகும் உங்கள் படங்கள் என் போனுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. "பாஸ், இது எந்த நாட்டு மாடல்?" என்று ஒரு மங்கல் படம், அதில் பாதி உங்கள் பெருவிரல். சலாம்கூடச் சொல்லாமல் படம் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் பதில் போடுவதில்லை.

எல்லோருக்கும் ஒரேயடியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கம்பனிப் பெயர் எதையும் எழுதமாட்டேன். எழுதினால் அந்தந்தக் கம்பனிப் பைத்தியங்கள் என் வாசலில் வந்து நின்று சண்டை பிடிக்கும். இந்த வயதில் எனக்கு அது தேவையா?

ஒரு பழைய மோட்டார் சைக்கிள் எந்த நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்பதை அதன் கழுத்தில் அடித்திருக்கும் நம்பர் சொல்லும். ஹேண்டில் வந்து பூட்டுகிற இடத்தைத்தான் கழுத்து என்கிறோம். நான் அதிகம் பார்த்த ஜப்பான் வண்டிகளில், ஜப்பான்காரன் தன் நாட்டுக்குள் விற்றதற்கு மாடல் எழுத்து, ஒரு சின்னக் கோடு, பிறகு தொடர் இலக்கம், அவ்வளவோடு விட்டுவிடுவான். வெளிநாட்டுக்கு அனுப்பியதற்கு மேலதிகமாக எழுத்துகள் சேர்ப்பான். எந்த எழுத்து எந்த நாட்டுக்கு என்பது கம்பனிக்குக் கம்பனி, காலத்துக்குக் காலம் மாறும். அந்தப் பட்டியலெல்லாம் உங்கள் போனிலேயே கிடைக்கும், என்னிடம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். போனில் கிடைக்காததைச் சொல்கிறேன்.

முதலாவது, துரு உரசுகிற எமரித் தாளைத் தொடாதீர்கள். இது எங்கள் கிழக்குக் கரைக்கே உரிய பிழை. மலைநாட்டுக்காரன் எமரியால் உரசினால் பெயின்ட் போகும், நம்பர் மிஞ்சும். இங்கே கடல் உப்பு பெயின்டுக்கு அடியில் புகுந்து இரும்பைத் தின்று வைத்திருக்கும். கல்முனையில் ஒருத்தர், மீன் பெட்டி கட்டி ஓடிய பழைய வண்டியொன்றை வாங்கிவந்து, நம்பர் பளிச்சென்று தெரியவேண்டும் என்று காலையிலிருந்து ளுஹர் தொழுகை வரை உரசினார். துருவோடு நம்பரும் போய்விட்டது. பிறகு என்னிடம் வந்து, "பாஸ், நம்பரக் காணல்ல" என்றார், யாரோ களவெடுத்ததுபோல. மண்ணெண்ணெயில் துணியை நனைத்து இரவு முழுக்கக் கட்டிவையுங்கள். காலையில் பெயின்ட் இளகியிருக்கும், மெதுவாகத் துடைத்தால் போதும். அதன்மேல் பட்டம் கட்டுகிற டிசுத் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்து உரசுங்கள். கண்ணுக்குத் தெரியாததும் தாளில் எழும்பி வரும்.

இரண்டாவது, நம்பர் சொல்வதை வண்டியும் சொல்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதுதான் முக்கியமானது. நம்பர் என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த பிறகு, அதை யாரிடம் முதலில் சொல்வது என்று யோசியுங்கள். இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரே ஒரு கதைதான் இருக்கிறது. அந்த வீட்டாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நஸீர் என்று வைத்துக்கொள்வோம். கல்முனையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறான். அவனுடைய வாப்பா மௌத்தாகிச் சில வருடங்கள். வாப்பா சாகும்வரை ஓட்டிய மோட்டார் சைக்கிள் சாய்ந்தமருதில் உம்மா வீட்டு விறகுக் கொட்டிலில் நின்றது. அதை நஸீர் எடுத்துத் திருத்த ஆரம்பித்தான். கடையைப் பூட்டிவிட்டு வந்து ஒவ்வொரு ஆணியாகக் கழற்றித் தேய்த்தான். தீவின் எல்லாப் பக்கத்திலிருந்தும் பழைய மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒலுவில் துறைமுகப் பக்கம் கூடுவதாக ஏற்பாடாகியிருந்தது. அங்கே கொண்டுபோய் நிறுத்தவேண்டும் என்பதுதான் அவனுடைய ஆசை.

அந்த வண்டிக்கு ஊரில் ஒரு கதை இருந்தது. வாப்பா சவூதிக்குப் போய்த் திரும்பி வரும்போது கப்பலில் போட்டுக் கொண்டுவந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் தெரியும். சவூதி மாடல் எங்கள் பகுதியில் வேறு இல்லை. ஒலுவில் கூட்டத்தை நடத்துகிறவர்களும் விஷயம் தெரிந்தவர்கள், எந்தச் சந்தைக்கு வந்த வண்டி என்று மெக்கானிக் பாஸ் ஒருவர் பார்த்து உறுதி சொல்லவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நஸீர் என்னைக் கூப்பிட்டான். வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு போனேன்.

போய்ப் பார்த்தால் முற்றத்தில் ஒரு சின்னக் கலியாணம் நடக்கிற மாதிரி இருந்தது. நஸீரின் மச்சான், அந்த வீட்டு மருமகன், நின்றார், கூட்டாளிமார் இரண்டு பேர் நின்றார்கள், ஒருத்தன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். உம்மா குசினி வாசலில் முக்காட்டைச் சரிசெய்தபடி நின்றார். எனக்கு மூத்தவர், ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். வண்டி தார்ப்பாயின் மேல் புது மாப்பிள்ளை போல நின்றது.

"பாஸ், வீடியோ லைவ்ல போகுது. நம்பர வாசிச்சி, சவூதி மாடல் எண்டு உங்கட வாயால சொல்லுங்க" என்றான் நஸீர்.

கழுத்தில் ஏற்கெனவே மண்ணெண்ணெய்த் துணி கட்டி வைத்திருந்தான், அதுவரைக்கும் நல்ல பிள்ளை. நான் துடைத்து, தாளை வைத்து, பென்சிலால் உரசினேன். எழுத்து எழும்பியது. மாடல் எழுத்து, ஒரு சின்னக் கோடு, இலக்கம். முடிந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தாளைத் திருப்பி மறுபடியும் உரசினேன். அதேதான்.

ஹெட்லைட் கண்ணாடியைப் பார்த்தேன், மாற்றாத பழைய கண்ணாடி. சவூதியில் வாகனம் வலப்பக்கமாக ஓடும், அங்கே அனுப்பும் வண்டிக்கு வெளிச்சத்தை வலப்பக்கம் சாய்க்கும் கண்ணாடி போடுவான். இது இடப்பக்கம் சாய்க்கிற கண்ணாடி. ஜப்பானிலும் எங்களைப் போல இடப்பக்கம்தான். மீட்டரில் வேகம் கூடினால் எரிகிற சிவப்பு பல்ப் இருந்தது. அது ஜப்பானுக்குள் விற்ற வண்டிகளில் வருவது. ஜப்பான் வண்டியொன்று சவூதிக்குப் போய் அங்கிருந்து இங்கே வந்திருக்கக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அந்த நிமிஷத்தில் அப்படி ஏதாவது இருக்கட்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். ஆனால் இளம் வயதில் நான் கொழும்பில் வெளிநாட்டுப் பழைய வண்டிகளை இறக்கி விற்கும் ரீகண்டிஷன் யார்டொன்றில் வேலை செய்தவன். இதே மாடல், இதே நிறம், இதே போல நம்பர், ஜப்பானில் ஓடிக் கழிந்து வந்து அங்கே வரிசையாக நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆக, சவூதிக் கப்பல் என்ற கதை பொய். மௌத்தாகிப்போன மனிசன் ஊர் முழுக்கப் பொய் சொல்லியிருக்கிறார் என்று அவருடைய வீட்டு முற்றத்திலேயே, லைவ் வீடியோவில், நான் சொல்லவேண்டும். நஸீர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் "உன்ட வாப்பா சவூதியில இருந்து வெறுங்கையோட வந்தவர்" என்று சொன்னதற்கு அவனுடைய பல்லை உடைத்தவன் இவன். அந்தக் கதையைப் பெருமையாக என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறான். சவூதி மாடல் என்று சும்மா சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஒலுவிலில் நம்பரைப் பார்த்த உடனே விஷயம் தெரிந்த எவனாவது சிரிப்பான். அப்போது சனத்துக்கு முன்னால் தலைகுனிவது இந்தப் பிள்ளைதான். அதைவிட, என் வாயால் ஒரு நம்பரைப் பொய்யாக வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. மௌத்தானவரோ எழும்பி வந்து தன் பக்கத்தைச் சொல்லப் போவதில்லை.

"முதல்ல வீடியோவ நிப்பாட்டு" என்றேன்.

"ஏன் பாஸ்?"

"எனக்குத் தொண்டை காஞ்சி கிடக்கு. பிளேன்டீ குடிக்காம நான் நம்பர் வாசிக்கிறல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டாளி போனை இறக்கினான். நான் தாளை மடித்துச் சேட் பொக்கெட்டில் வைத்துக்கொண்டு வாசல் கதிரையில் போய்க் குந்தினேன். தம்பிமாரே, ஒரு பிளேன்டீ ஆறும் நேரம் பெரிய நேரம். தேவைப்பட்டால் இரண்டாவதும் கேளுங்கள், யாரும் குறை நினைக்கமாட்டார்கள்.

தேத்தண்ணியை ராத்தாவே கொண்டுவந்தார். கோப்பையை நீட்டிவிட்டுப் போகாமல் நின்றார்.

"தம்பி, அது சவூதிச் சாமான் இல்லதானே" என்றார், மெதுவாக.

கோப்பையைக் கீழே வைத்தேன். "ராத்தா, உங்களுக்குத் தெரியுமா?"

"வீடியோவ நிப்பாட்டச் சொன்ன நேரமே விளங்கிட்டு. நீங்க ஒண்டும் சொல்லாதீங்க. இது நான் சொல்லவேண்டிய கதை."

கூட்டாளிமாரை அனுப்பச் சொன்னார். அவர்கள் போன பிறகு மகனையும் மருமகனையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் எழும்பினேன். "நீங்க இரிங்க, நம்பரப் பாத்த நீங்கதான் சாட்சி" என்றார்.

வெளியூர்த் தம்பிமாருக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது. சவூதிக்குப் போன மாப்பிள்ளை திரும்பி வருகிற நாளில் பெண்ணின் வாப்பா, உம்மா, மாமிமார், சாச்சிமார் எல்லோரும் விறாந்தையில் கூடிவிடுவார்கள். அவர்களுக்கு நடுவில்தான் பெட்டி திறக்கப்படும். சேலையும் அத்தரும் வெளியே வர வர மாப்பிள்ளையின் மதிப்பு ஏறும். பெட்டி இல்லாமல் அந்த வாசலைத் தாண்டுவது எவ்வளவு கஷ்டம் என்று இந்த ஊரில் கலியாணம் முடித்த ஆம்பிளைக்குத்தான் தெரியும்.

"உங்கட வாப்பாவுக்கு அங்க சம்பளமே குடுக்கல்ல, மனே" என்று ஆரம்பித்தார் ராத்தா. "பாஸ்போட்டையும் பறிச்சி வெச்சிட்டான். எப்படியோ தப்பி கொழும்புக்கு வந்து இறங்கினாரு. கையில ஒரே ஒரு பேக். ஊருக்கு வர வெக்கப்பட்டு ஒரு லொட்ஜில கிடந்தாரு. ஆள் விட்டு எனக்கு மட்டும் அறிவிச்சாரு. நான் ஆஸ்பத்திரிக்குப் போறன் எண்டு உம்மாக்கிட்டச் சொல்லிட்டு, சாச்சியையும் கூட்டிக்கிட்டு பஸ் ஏறினன். போய்ப் பாத்தா மனிசன் எலும்பும் தோலுமா இருக்காரு. என்னக் கண்டதும் அழுதாரு. நான் வரல்ல, என்ன விட்டுரு எண்டு சொன்னாரு."

நஸீர் கதிரையை உம்மாவுக்குக் கிட்ட இழுத்துப் போட்டான்.

"கலியாணத்துக்குப் போட்ட தங்க மாலைய அங்கேயே வித்தன். சாச்சி சொன்னா, சேலையும் சாமானும் வாங்கிப் பெட்டிய நிரப்பு எண்டு. நான்தான் வேணாம் எண்டன். பெட்டி ஒரு கிழமையில முடிஞ்சிரும். மோட்டார் சைக்கிள் எண்டா ஊர் தினமும் பாக்கும், அத வெச்சி உழைக்கவும் ஏலும். யார்டுக்குப் போய் நிண்டதுல மினுங்கினத நான்தான் கையக் காட்டி எடுத்தன். சவூதியில இருந்து கப்பல்ல வந்த எண்டு ஊருக்குச் சொன்னதும் நான்தான். மறுகா கழுத்தில கவரிங்தான் போட்டிருந்தன். எங்கட உம்மா மௌத்தாகும் வரைக்கும் கண்டுபிடிக்கல்ல."

அந்த வண்டியில்தான் அந்த மனிசன் மருதமுனையில் உடுக்கிற சாரம் எடுத்துக்கொண்டு வரிப்பத்தான்சேனை வரைக்கும் ஊர் ஊராகப் போய் விற்றார். வெள்ளாமை வெட்டுகிற காலத்தில் வயல் வரம்பில் அவருடைய வண்டிச் சத்தம் கேட்டால் சனம் கூடும். எனக்கும் அது நல்ல ஞாபகம். கராஜுக்கு வரும்போது செயினில் வைக்கோல் சிக்கியிருக்கும், நான் ஏசுவேன், அவர் சிரிப்பார். நல்ல மனிசன். இப்போது நினைத்தாலும் அவரை மனம் தேடுகிறது.

நஸீர் எழும்பிவிட்டான். அவனுக்கு முகம் சிவந்து போயிருந்தது. "அப்ப நான் ஊரெல்லாம் சண்டை பிடிச்சது பொய்க்கா? அவன் சொன்னது உண்மை, நான் அவன்ட பல்ல உடைச்சிருக்கன். வாப்பா என்னோட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏன் உம்மா, வாப்பா எங்களுக்கும் பொய் சொன்னாரு?"

"நஸீர், வாயப் பொத்து" என்றார் ராத்தா. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "யோசிச்சிப் பாரு. உன்ட வாப்பா தன்ட வாயால ஒரு நாளாவது சவூதியில இருந்து கொண்டுவந்த எண்டு சொன்னாரா? ஆக்கள் கேட்டா சிரிப்பாரு. நீ கேட்டாலும் சிரிப்பாரு. சொன்னது முழுக்க நான். அந்த மனிசன்ட பேர்ல பொய் எழுதாத."

நானும் என் பங்குக்கு யோசித்துப் பார்த்தேன். எத்தனையோ தடவை என் கராஜில் சனம் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் அவருடைய சிரிப்புத்தான்.

"சுனாமிக்குப் பொறகு மண்ணுக்குள்ள இருந்து இதத் தோண்டி எடுத்துக் கிணத்துத் தண்ணியால கழுவிக்கிட்டே இருந்தாரே, ஞாபகமா?" என்றார் ராத்தா. "சாப்பாட்டுக்கு வழியில்லாத நேரம் ஒருத்தன் விலைக்குக் கேட்டு வந்தான். குடுங்க எண்டு நானே சொன்னன். 'இது உன்ட மாலை, விக்கிறதுக்கு எனக்கு என்ன உரிமை' எண்டு கேட்டாரு. நீங்க எல்லாரும் வாப்பாவுக்குச் சவூதிப் பெருமை எண்டு சிரிச்சீங்க. அவரும் உங்களோட சேந்து சிரிச்சாரு."

சொல்லிவிட்டு முக்காட்டுத் தொங்கலால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நஸீர் வண்டிக்குப் பக்கத்தில் போய் அந்தக் கழுத்தைக் கையால் தடவினான். பிறகு சாவியைக் கழற்றிக் கொண்டுவந்து உம்மாவின் கையில் வைத்தான்.

"இத எனக்கு எதுக்கு? எனக்கு ஓடத் தெரியுமா, மடையா?" என்றார் ராத்தா. "மழை வரப்போகுது. உள்ளுக்கு எடுத்து வை."

நான் கறள் பிடித்த பழைய ஆள், இலேசில் அழமாட்டேன். அன்று அழுதேன். தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது என்று சமாளித்தேன், யாரும் நம்பவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, பாஸ் கெட்டிக்காரன், சமயம் பார்த்துப் பிளேன்டீ கேட்டான் என்று நினைக்காதீர்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அதுதான் உண்மை. தெரியாதபோது வாயை மூடத் தெரிந்தது, அவ்வளவுதான். லைவ் வீடியோவில் நான் என் கெட்டித்தனத்தைக் காட்டியிருந்தால் நம்பரைச் சரியாகத்தான் வாசித்திருப்பேன், அந்த மனிசனைப் பொய்யனாக்கிவிட்டு வந்திருப்பேன். நம்பர் ஒரு வண்டி எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது என்று மட்டும்தான் சொல்லும். அது எப்படி ஒரு வீட்டுக்கு வந்தது என்று சொல்ல வீட்டில் யாராவது இருப்பார்கள். முதலில் அவர்களைத் தேடுங்கள். நம்பர் எங்கேயும் ஓடிவிடாது, எமரியால் உரசாத வரைக்கும்.

ஒலுவிலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினோம். ஜப்பான் உள்நாட்டு மாடல் என்று நான் உறுதி சொன்னேன், வண்டிக்கு முன்னால் வைத்த பலகையில் அப்படியே எழுதினார்கள். நஸீரைத் தெரிந்த ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுக் குசுகுசுத்தார்கள். கண்டியிலிருந்து வந்த ஒருத்தர், தாடி வைத்த பெரிய மனிசர், வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தமிழ் நன்றாகக் கதைத்தார்.

"அருமையா வெச்சிருக்கீங்க. ஜப்பான் வண்டி எப்படி உங்கட வீட்டுக்கு வந்த? வாப்பா கொண்டுவந்தாரா?"

ஊர்க்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். நஸீர் அவர்கள் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"இல்ல. எங்கட உம்மா கொண்டுவந்த. வாப்பாவையும் சேத்து."